சுருக்குப் பையும் பீரோ சாவியும்

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நமது சங்கச் செயலாளர் போன வாரம் என்னைக் கூப்பிட்டு, "நீங்க பேங்க்ல இருந்தவரு, பெரியவங்க போன்ல பணம் அனுப்பறதுல ஏமாறாம இருக்கறதைப் பத்தி கொஞ்சம் பேசுங்க" என்றார். சரி என்று ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொண்ட பிறகுதான் யோசனை வந்தது. இந்த விஷயத்தில் நான் அறிவுரை சொல்லத் தகுதியானவனா என்று எனக்கே சந்தேகம். ஏன் என்பதைக் கொஞ்ச நேரத்தில் சொல்கிறேன்.

1978இல் இங்கே பி.காம். முடித்தவன் நான். 2018இல் பேங்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன். நடுவில் பல வருஷம் திருப்பூரிலேயே கவுண்டரில் உட்கார்ந்திருந்தேன். அந்தக் காலத்துச் சனிக்கிழமை காலையை இங்கே இருக்கிற மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வாரச் சம்பளம் போட வேண்டும் என்று பனியன் கம்பெனிக்காரர்கள் மஞ்சள் பையோடு வரிசையில் நிற்பார்கள். செக்கை உள்ளே கொடுத்தால் ஒரு பித்தளை டோக்கன் கிடைக்கும். கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்து, லெட்ஜரில் எழுதி, ஆபீசர் பாஸ் செய்து, காசாளர் கூப்பிடுவதற்கு அரைமணி நேரம் ஆகும். எல்லாரும் எங்களைத் திட்டுவார்கள். திட்டியது நியாயம்தான்.

ஆனால் அந்த அரைமணி நேரம் ஒரு காவலாகவும் இருந்தது என்பது எனக்கு ஓய்வு பெற்ற பிறகுதான் புரிந்தது. ஒருமுறை வேலம்பாளையத்துப் பெரியவர் ஒருவர் வைப்புத் தொகை முழுவதையும் உடைக்க வேண்டும் என்று வந்தார். முகம் சரியில்லை. "ஏனுங்க, எதுக்குங்க அவசரம்? உட்காருங்க, டீ சாப்பிடுங்க" என்று சொல்லி வேண்டுமென்றே இழுத்தடித்தேன். அதற்குள் அவருடைய மகன் வந்து சேர்ந்தார். யாரோ ஒருவர் இடம் காட்டுகிறேன் என்று சொல்லி முன்பணம் கேட்டிருக்கிறார். அது அத்தோடு நின்றது. வரிசை இருந்தது, டோக்கன் இருந்தது, முகத்தைப் பார்த்து "எதுக்குங்க?" என்று கேட்க ஓர் ஆள் இருந்தான். இன்றைக்குப் போனில் ஆறு விநாடியில் பணம் போகிறது. கேட்க ஆள் இல்லை.

முகம் பார்த்துக் கொடுத்த காலத்தில் மட்டும் நம் ஊர் ஏமாறவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். ஏமாந்தது. பாசி நிறுவனத்தை இங்கே யாரும் மறக்க முடியாது. அந்நியச் செலாவணியில் ஆன்லைன் வர்த்தகம் செய்து லாபம் தருகிறோம் என்று 2008, 2009ஆம் ஆண்டுகளில் திருப்பூரில் இருந்துகொண்டே பணம் திரட்டினார்கள். ஐம்பத்தெட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் சுமார் 930 கோடி ரூபாய். நமக்குத் தனி மாவட்டம் கிடைத்த அதே 2009இல்தான் அந்த இடியும் விழுந்தது. சி.பி.ஐ. விசாரித்து, 2022 ஆகஸ்டில் கோவை நீதிமன்றம் இருவருக்குத் தலா 27 ஆண்டு சிறைத் தண்டனை கொடுத்தது. பதின்மூன்று வருஷம்! அதற்குள் பணம் போட்டவர்களில் எத்தனை பேர் கண்ணை மூடியிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். இன்றைக்கு அதே சரக்கு வாட்ஸ்அப் குழுவில் பங்குச் சந்தை என்ற பெயரில் வருகிறது. செயலியில் லாபம் ஏறிக்கொண்டே போவதாகக் காட்டும். எடுக்கப் போனால் "வரி கட்டுங்க" என்பான்.

"படிக்காதவங்கதான் ஏமாறுவாங்க" என்று ஒரு பேச்சு உண்டு. அதை முதலில் விட்டுவிட வேண்டும். நம் ஊரைப் போலவே பின்னலாடைக்குப் பேர் போன ஊர் லூதியானா. அங்கே வர்த்தமான் என்ற பெரிய நூல் குழுமம். அதன் தலைவர் எஸ்.பி. ஓஸ்வால், பத்மபூஷண் விருது பெற்றவர், 82 வயது. 2024 ஆகஸ்டு கடைசியில் அவரை சி.பி.ஐ. என்று சொல்லிக்கொண்டு சிலர் கூப்பிட்டார்கள். ஒரு பணமோசடி வழக்கில் உங்கள் பெயர் இருக்கிறது, யாரிடமும் சொல்லக்கூடாது, கேமராவை அணைக்கக்கூடாது என்றார்கள். வீடியோவில் ஒரு போலி உச்ச நீதிமன்றத்தையே நடத்தினார்கள். தீர்ப்பு வாட்ஸ்அப்பில் வந்தது, முத்திரையோடு! ஏழு கோடி ரூபாய் போனது. இதற்குப் பெயர் 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று இப்போது குழந்தைக்கும் தெரியும். சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது.

நான் இந்தக் கதையைச் சொல்வது அவர் ஏமாந்ததற்காக அல்ல. விஷயம் தெரிந்ததும் போலீசுக்குப் போனார்கள். போலீஸ் பணம் போய்ச் சேர்ந்த கணக்குகளை முடக்கி 5 கோடியே 25 லட்சத்தை மீட்டது. பிறகு அவர் அதை வெளிப்படையாகச் சொன்னார். அவ்வளவு பெரிய மனிதர், 'எனக்கு இப்படி ஆயிற்று' என்று வெட்கப்படாமல் சொன்னார் பாருங்கள், அதற்காகத்தான் சொல்கிறேன்.

இப்போது என் வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

எனக்கு ஒரே அக்கா. பதினெட்டு வருஷம் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்தவர். ஆயிரம் பீஸில் ஒரு பீஸில் நூல் விட்டிருந்தாலும் கண்ணாடி போடாமல் விரலாலேயே கண்டுபிடித்துவிடுவார். மாமா இறந்த பிறகு தனியாக இருக்கிறார். மகள் பெங்களூரில். போனை வாங்கிக் கொடுத்தது மகள். பணம் அனுப்பக் கற்றுக் கொடுத்தது நான்.

2022இல் ஒரு குறுஞ்செய்தி வந்தது. கரண்ட் பில் கட்டவில்லை, இன்று இரவு ஒன்பதரைக்கு இணைப்பைத் துண்டிப்போம், இந்த எண்ணில் அதிகாரியைக் கூப்பிடவும் என்று. அந்த வருஷம் ஊரெல்லாம் சுற்றிய செய்திதான் அது. அக்கா பயந்து கூப்பிட்டார். அவன் சொன்ன ஒரு செயலியைப் போட்டார். போனின் திரை அவனுக்குத் தெரிந்தது. 4,900 ரூபாய் போயிற்று. அன்று மாலை நான் அக்கா வீட்டுக்குப் போய் என்ன செய்தேன் தெரியுமா? பேங்கில் முப்பத்தேழு வருஷம் இருந்த கௌரவம் என் தலைக்கு ஏறியது. பக்கத்து வீட்டுக்காரர்கள் இருக்கும்போதே, "உங்களுக்கு எத்தனை தடவை சொல்றது? இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு இந்தப் போன்?" என்று கத்தினேன். அக்கா ஒன்றும் பேசவில்லை. காபி போட்டுக் கொண்டுவந்து வைத்தார்.

இரண்டு வருஷம் கழித்து, 2024 ஐப்பசியில், முகூர்த்த நாட்கள் நெருங்கிய நேரம். ஒரு சொந்தக்காரர் எண்ணிலிருந்து வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை வந்தது. நம் பக்கம் பத்திரிகை வந்தால் திறந்து பார்க்காமல் இருப்போமா? திறந்தார். அது பத்திரிகை இல்லை. ஏ.பி.கே. என்று முடிகிற ஒரு கோப்பு, அதாவது ஒரு செயலி. உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு வருகிற ஓ.டி.பி.யை எல்லாம் எங்கோ இருக்கிறவனுக்கு அனுப்பி வைக்கும். அனுப்பிய சொந்தக்காரருக்கே தெரியாது, அவர் போனும் அப்படித்தான் போயிருந்தது.

மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, அக்கா இருப்பைப் பார்த்திருக்கிறார். 38,000 ரூபாய் குறைந்திருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. தானே எதையோ தப்பாக அழுத்திவிட்டோம் என்று நினைத்து, போனை அணைத்து பீரோவுக்குள் வைத்துவிட்டார். ஆனால் அதற்குள் அவர் கணக்குக்கான வழி அவன் கைக்குப் போய்விட்டது. திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் பணம் போயிற்று. புதன்கிழமை நான் தற்செயலாகப் போனபோது அக்கா சாப்பிடாமல் படுத்திருந்தார். மொத்தம் 1,86,000. பேத்தியின் காலேஜுக்கு என்று சீட்டு எடுத்துப் போட்டு வைத்திருந்த பணம்.

"ஏங்க்கா, ஞாயித்துக்கிழமையே எனக்கு ஒரு போன் பண்ணக் கூடாதா?" என்றேன்.

"நீ வைவீன்னுதான் சாமி சொல்லலே" என்றார்.

நண்பர்களே, 38,000 ரூபாயைத் திருடியவன் யாரென்று எனக்குத் தெரியாது. மீதி 1,48,000 ரூபாய் போனதில் எனக்கும் பங்கு இருக்கிறது. அன்றைக்கே 1930ஐக் கூப்பிட்டோம். ஒரு கணக்கில் மிச்சமிருந்த 11,400 ரூபாய் மட்டும் முடக்கப்பட்டு, நீதிமன்ற உத்தரவு வாங்கி, ஏழு மாதம் கழித்துக் கைக்கு வந்தது.

இந்த 1930 எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்கிறேன், ஏனென்றால் நேரம் ஏன் முக்கியம் என்பது அதில்தான் இருக்கிறது. 2021இல் மத்திய அரசு தொடங்கிய ஏற்பாடு இது. முதலில் 155260 என்ற எண், பிறகு 1930 ஆயிற்று. நீங்கள் புகார் கொடுத்ததும், பணம் எந்த பேங்கில் போய் இறங்கியதோ அந்த பேங்குக்குத் தகவல் போகிறது. பணம் இன்னும் அங்கே இருந்தால் பிடித்து நிறுத்திவிடுவார்கள். அங்கிருந்து நாலு கணக்காகப் பிரிந்து, நாலு பதினாறாகி, ஏ.டி.எம்.மில் நோட்டாக வெளியே போய்விட்டால் போலீஸ் என்ன செய்யும்? நூல் முனை கையில் இருக்கும்போது இழுக்க வேண்டும். உங்கள் பேங்குக்கும் அப்போதே சொல்ல வேண்டும். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி போட்ட சுற்றறிக்கையிலேயே, வாடிக்கையாளர் கவனக்குறைவால் போனது என்றாலும் அவர் புகார் சொன்ன பிறகு போகிற பணம் வங்கியின் பொறுப்பு என்று இருந்தது. எல்லாம் சொல்வதில் இருக்கிறது. சொல்ல வேண்டுமென்றால் சொல்வதற்கு ஓர் ஆள் வேண்டும். வையாத ஆள்.

அதற்குப் பிறகு நானும் என் வகுப்புத் தோழர்கள் மூன்று பேரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீதிப் பெரியவர்களோடு உட்கார ஆரம்பித்தோம். பெரிய இயக்கம் எல்லாம் இல்லை. ஒரு திண்ணை, நாலு நாற்காலி, அவ்வளவுதான்.

அங்கே நாங்கள் கற்றுக்கொண்டதில் ஒன்று, போனை அவர்கள் கையிலிருந்து பிடுங்கக் கூடாது. இந்நாள் மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். "குடுங்க அப்புச்சி, நான் பண்ணித் தர்றேன்" என்று வாங்கி, டக் டக் என்று அழுத்தி, முடித்துத் திருப்பிக் கொடுக்கிறீர்களே, அது உதவி இல்லை. அவர் பார்த்ததெல்லாம் உங்கள் கட்டை விரலின் பின்பக்கம்தான். நாளைக்கு நீங்கள் இல்லாதபோது அவர் அடுத்த ஆளிடம் போனை நீட்டுவார். அது யாராகவும் இருக்கலாம். அரைமணி நேரம் ஆனாலும் அவர் விரல்தான் அழுத்த வேண்டும். நம் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். எனக்கு இது வருவதற்கு இரண்டு மாதம் ஆயிற்று!

இன்னொன்று வேடிக்கையானது. நம் கொங்குப் பெரியவர்களுக்குப் போனைக் கட் பண்ண வராது. எதிரில் பேசுகிறவன் பேசிக்கொண்டிருக்கும்போது வைப்பது மரியாதைக் குறைவு. "சரிங்க, வெச்சுரட்டுங்களா?" என்று கேட்டு, அவன் சரி என்றால்தான் வைப்பார்கள். திருடன் சரி என்பானா? இந்த மரியாதையைத்தான் அவன் பிடித்துத் தொங்குகிறான். எனவே நாங்கள் ஒரு பயிற்சி வைத்தோம். நான் அடுத்த அறையிலிருந்து கூப்பிட்டு, "மும்பை போலீஸ் பேசறோம், உங்க பேருல பார்சல் வந்திருக்கு" என்பேன். அவர்கள் பேச்சின் நடுவிலேயே வைக்க வேண்டும். முதல் வாரம் ஒருவருக்கும் வரவில்லை. ஒரு அம்மா, "தம்பி கோவிச்சுக்காதீங்க, வெச்சர்றேன்" என்று சொல்லிவிட்டு வைத்தார். மூன்றாவது வாரம் எல்லாரும் படபடவென்று கட் செய்து சிரித்தார்கள். இப்போது நிஜமாகவே நான் கூப்பிட்டாலும் வைத்துவிடுகிறார்கள், அது வேறு கதை.

பின் நம்பர் விஷயத்தில் ஒரே வாக்கியம் போதும் என்று கண்டோம். "பின் போட்டால் பணம் போகும். வர்றதுக்குப் பின் எதுக்குங்க?" பணம் பெற பின் போடு, கியூ.ஆர். ஸ்கேன் செய் என்று எவன் சொன்னாலும் இந்தக் கேள்வியைத் திருப்பிக் கேட்கச் சொல்கிறோம்.

இனி சுருக்குப் பைக்கு வருகிறேன். நம் அம்மாக்கள் எல்லாப் பணத்தையும் இடுப்பில் வைத்துக்கொண்டு சந்தைக்குப் போனார்களா? கிடையாது. பெரும் பணம் பீரோவில், சந்தைச் செலவு சுருக்குப் பையில். அதே முறைதான் இங்கேயும். இரண்டு கணக்கு வைத்துக்கொள்ளச் சொல்கிறோம். பென்ஷன், வைப்புத் தொகை, வாடகை எல்லாம் ஒரு கணக்கில். அதில் யு.பி.ஐ. கிடையாது, நெட் பேங்கிங் கிடையாது, ஏ.டி.எம். கார்டு கிடையாது. நெட் பேங்கிங் இருந்தால் வைப்புத் தொகையை வீட்டிலிருந்தபடியே உடைத்துவிடலாம். டிஜிட்டல் அரெஸ்ட் செய்கிறவன் முதலில் உடைக்கச் சொல்வது அதைத்தான். இன்னொரு கணக்கில் மாதச் செலவுக்கு ஐயாயிரமோ பத்தாயிரமோ. போனில் இருப்பது அது மட்டும். தினசரி வரம்பையும் குறைத்து வைக்கலாம். பீரோவைத் திறக்க வேண்டுமென்றால் நேரில் பேங்குக்குப் போக வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும், "எதுக்குங்க?" என்று ஒருவர் கேட்க வேண்டும். பழைய அரைமணி நேரத்தைத் திரும்பக் கொண்டுவருகிறோம், அவ்வளவுதான்.

2024இல் வந்த யு.பி.ஐ. சர்க்கிள் என்ற வசதியும் சிலருக்கு உதவும். மகள் தன் கணக்கிலிருந்தே அம்மாவைச் செலவு செய்ய அனுமதிக்கலாம், வரம்பு வைத்து. ஆனால் எங்கள் பெரியவர்கள் பலருக்கு அது பிடிக்கவில்லை. "பையன் காசுல வெத்தல வாங்கோணுமா?" என்றார் ஒருவர். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. பணத்தைக் காப்பாற்றுகிறேன் என்று அவர்களுடைய சுதந்திரத்தைப் பறித்துக்கொள்ள நமக்கு உரிமை இல்லை. பிள்ளைகளே பெற்றோர் கணக்கில் கை வைக்கிற வீடுகளும் உண்டு, அதை மேடையில் விரிவாகப் பேச விரும்பவில்லை. மாதம் ஒருமுறை பாஸ்புக்கில் பதிவு போட்டு, பெரியவரே வரிவரியாகப் படித்துப் பார்க்கட்டும். எல்லாருக்கும் நல்லது.

பேங்க்காரர்களின் இணைய முகவரி 2025 கடைசியிலிருந்து 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடிகிறது, பேங்குகள் கூப்பிடுவதற்கு 1600 என்று தொடங்கும் எண் வரிசை ஒதுக்கப்பட்டிருக்கிறது. இவையெல்லாம் நல்ல ஏற்பாடுகள்தான். ஆனால் எழுபது வயதுக்காரரிடம் எண்ணைப் பார், முகவரியைப் பார் என்று சொன்னால் அவர் எதை என்று நினைவில் வைப்பார்? வைத்துவிட்டு நம் ஆளைக் கூப்பிடு என்பது சுலபம்.

மாணவர்களுக்கு ஒரு முக்கியமான விஷயம். என் அக்காவின் பணம் ஆகாயத்தில் போகவில்லை. யாரோ ஒருவருடைய சேமிப்புக் கணக்கில் போய் இறங்கியது. அந்தக் கணக்குகள் எங்கிருந்து கிடைக்கின்றன? "உன் அக்கவுண்டையும் சிம்மையும் மூணு மாசம் குடு, அஞ்சாயிரம் தர்றேன்" என்று கல்லூரிப் பிள்ளைகளிடமும், வெளி மாநிலத்திலிருந்து வேலைக்கு வந்திருக்கிற பையன்களிடமும் கேட்கிறார்கள். கொடுத்தவன் எதையும் திருடவில்லை என்று நினைப்பான். ஆனால் போலீஸ் முதலில் வந்து நிற்பது அவன் வீட்டு வாசலில்தான். அந்த ஐயாயிரம் யாரோ ஒரு கிழவி சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம் என்பதை மறக்காதீர்கள். உங்கள் விடுதியில் யாராவது இப்படிக் கேட்டால் உடனே உங்கள் துறைத் தலைவரிடம் சொல்லுங்கள்.

அக்கா இப்போது போனை மறுபடி வைத்துக்கொண்டிருக்கிறார். ஆறு மாதம் தொடவில்லை. எனக்குத் தைரியம் வரவில்லை, மகள்தான் பேசிச் சம்மதிக்க வைத்தாள். போன தை மாதம் ஒரு நாள் ராத்திரி பத்து மணிக்கு என்னைக் கூப்பிட்டார். "தம்பி, ஒரு மெசேஜ் வந்துச்சு, ஆர்.டி.ஓ. ஆபீஸ் அபராதம்னு. நானு வண்டியே ஓட்டறதில்ல. ஆனா பாதி தொட்டுட்டேன். என்ன பண்ணட்டும்?" நான் எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். ஒன்றும் ஆகியிருக்கவில்லை. அக்கா காபி போட்டார். ராத்திரி பதினொரு மணிக்குக் குடித்தோம்.

முதல்வர் அவர்கள் பெரிய மனது வைத்து, வருகிற ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வணிகவியல் துறையின் முதல் வகுப்பறையைக் காலை பத்து மணி முதல் பன்னிரண்டு வரை எங்களுக்குத் தந்திருக்கிறார்கள். நான் படித்த அதே அறை. மாணவர்களில் பத்துப் பேர் வந்தால் போதும், ஒருவருக்கு ஒரு பெரியவர் என்று உட்காரலாம். முன்னாள் மாணவர்கள் உங்கள் அப்பா அம்மாவை அழைத்து வாருங்கள், நீங்களும் கூச்சப்படாமல் வாருங்கள், நம் வயதும் ஒன்றும் குறைவில்லை. போனைச் சார்ஜ் போட்டு, கண்ணாடியை மறக்காமல் எடுத்து வரவும்.